முந்நூறு கேபி

பென்னாகரம் ரோட்டில், பேட்டரிக் கடைக்கு மேல்
ஒற்றை அறை. இரண்டு கணினி, ஒரு யுபிஎஸ்,
கீழேயிருந்து ஏறிவரும் அமில வாடை.
இங்கே உட்கார்ந்துதான்
தொப்பூர் கணவாயை மவுசால் வளைத்தேன்.

ஒரு லாரி இறங்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.
மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து புகையும்.
மிதிக்காவிட்டால் பள்ளம்.
கியரை நம்பி இறங்குகிறவனுக்கு
அடிவாரத்தில் ஒரு டீ, நூறு புள்ளி.

புள்ளி புள்ளியாக வரையவில்லை.
ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு,
எவ்வளவு இழுத்தாலும் மலை கிழியாது.
நிலா கசிவதற்குத் தனியாக ஒரு அடுக்கு.
ஹாரன், நல்லம்பள்ளியில் சந்தையன்று
கையை நீட்டிப் பிடித்து எடுத்தது.
கூர்ந்து கேட்டால் அதன் பின்னால் ஒரு ஆடு கத்தும்.

உலாவியில் ஓடிற்று.
பட்டை நிரம்பும்வரை
பிரவுசிங் சென்டர் பையன்கள் விரல் சொடுக்கிக் காத்திருந்தார்கள்.

பிறகு ஓசூரிலிருந்து போன்.
"இனிமே எல்லாத்துலயும் ஓடணும் மேடம்.
டிவி, கேம் பெட்டி, பாக்கெட்ல இருக்கிற எதுவும்.
ஒரே லாரி, ஒரே மலை."

கேம் பெட்டி தருமபுரியில்
நான் தேடியவரை யாரிடமும் இல்லை.
படத்தைப் பார்த்து எழுதி அனுப்பினேன்.
கைப்பிடி அதிர்கிறதாம். அதிரட்டும்.

டிவி நேரில் பார்த்தேன்.
சேலம் ரோடு ஷோரூமில், வாஷிங் மெஷின்களுக்கு நடுவே
நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு எழுந்து நின்றது என் மலை.
கிழியவில்லை.
ஆனால் ஒரே புளியமரம்
பதினொரு இடத்தில் நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது.
ஓட்டுநர் சீட்டில் ஆளே இல்லை.
இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் வரைந்ததில்லை.
"பேய் ஓட்டுதா?" என்றார் முதலாளியின் மனைவி.
ரிமோட்டில் பிரேக் ஏது?
சிவப்புப் பொத்தானைப் பிரேக் ஆக்கினேன்.
அழுத்தி அரை நொடி கழித்துத்தான் பிடித்தது.
அந்த அரை நொடியில் லாரி மூன்று தடவை கவிழ்ந்தது,
மூன்று தடவையும் அழகாக.

அன்றிரவே ஒரு ஆளை ஏற்றி உட்கார வைத்தேன்.
தோளில் துண்டு, பக்கத்துக் கண்ணாடியில் அரை மீசை.

கடைசியாகப் பொத்தான் போன்.
இரண்டு விரல் அகலத்தில் ஒரு திரை.
முந்நூறு கேபிக்கு மேல் ஒரு சொட்டு ஏறாது.

வெட்டினேன்.
நிலா போயிற்று, அதன் கசிவும்.
பதினொரு புளியமரமும் ஒரே வெட்டில்.
ஹாரனை, ஆட்டோடு சேர்த்து.
மலையைத் தொடாமல் பார்த்தேன், முடியவில்லை.
அப்போதும் நாற்பது கூட.
முந்தாநாள் ஏற்றிய ஆளை இறக்கிவிட்டேன்.

மிஞ்சியது கறுப்பு.
கறுப்பில் இரண்டு மஞ்சள் முக்கோணம்,
அதற்குள் வந்து வந்து போகும் ஒரு வெள்ளைக் கோடு.
அனுப்ப வெட்கமாக இருந்தது.

கீழே தீர்த்தகிரி வந்திருந்தார்.
பதினாலு சக்கரம், கிரானைட் ஏற்றி சேலத்துக்கு.
பேட்டரி சார்ஜ் ஏறும்வரை
வேலையில்லாமல் இருந்த கையில் போனைக் கொடுத்தேன்.

பேசவில்லை. கட்டைவிரல் மட்டும் நகர்ந்தது.
இரட்டைப் பாலத்துக்கு முந்தின வளைவில்
அவர் வலது கால்
பேட்டரிக் கடையின் சிமெண்டுத் தரையை
மெல்ல அழுத்தியது.

"ஷோரூம்ல ஓடினதயும் பார்த்தேம்மா.
அது பகல்ல பஸ்ல போறவங்களுக்கு.
ராத்திரி ரெண்டு மணிக்கு
எனக்கு இவ்ளோதான் தெரியும்."

பாராட்டா என்று கேட்கவில்லை.
சார்ஜ் மிச்சம் பிடிக்கப் போன் தானாக மங்கியது.
அவர் நிறுத்தவில்லை.

மேலே வந்து எடை பார்த்தேன்.
இருநூற்று எண்பத்தெட்டு.
பன்னிரண்டு மீதம், ஒரு சின்ன நிலாவுக்குப் போதும்.

ஹாரனை நறுக்கி
ஆட்டை மட்டும் எடுத்தேன்.
மூன்றாவது வளைவில்,
இடப்பக்கம், இருட்டுக்குள்,
ஒரே ஒரு தடவை கத்தும்படி வைத்தேன்.